வடிகட்டிய தண்ணீர்

கண்ணுசாமியைப் பொய்யன் என்று சொன்ன மெமோவை டைப் அடித்தவன் நான். அடித்தவன் மட்டும்தான்; எழுதியவர் இன்ஸ்பெக்டர் பெரியண்ணன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று யாரோ சொல்லி வைத்தது என்னைப் போன்ற கிளார்க்குகளுக்காகத்தான் இருக்க வேண்டும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் நிம்மதியாக உத்தியோகம் பார்த்தேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது எனக்கு உதவவில்லை.

நடந்தது 1960இல். புதுக்கோட்டை சமஸ்தானம் போய், நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. மலேரியாவை அடியோடு ஒழிக்கப் போகிறோம் என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். அதற்காக எங்கள் ஊரில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து ஓர் இன்ஸ்பெக்டர், ஒரு கிளார்க், சுவருக்கு மருந்து அடிக்கப் பத்துப் பேர், கொசுவும் புழுவும் பிடிக்க ஒருவர் என்று போட்டிருந்தார்கள். ஊரில் அதற்குக் கொசு ஆபீஸ் என்று பெயர். கடைத்தெருவில் போனால், "என்னங்க, இன்னைக்கு எத்தனை கொசுவுக்குச் சம்பளம் குடுத்தீங்க?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? குடையை விரித்துக்கொண்டு நடந்துவிடுவேன்.

புழு பிடிக்கிறவன்தான் கண்ணுசாமி. இருபத்தாறு வயது. தற்காலிக வேலை. சைக்கிளில் குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவான். ஒவ்வொரு குளம் குட்டையிலும் வெள்ளை எனாமல் கரண்டியால் பத்துத் தடவை தண்ணீர் முகந்து, அதில் எத்தனை கொசுப்புழு, எத்தனை கூட்டுப்புழு என்று எண்ணித் தாளில் எழுதிக் கொண்டு வருவான். புழு வளர்ந்து கூட்டுப்புழு ஆகும். கூட்டுப்புழு இரண்டு நாளில் கொசுவாகிப் பறக்கும். இவ்வளவுதான் விஷயம்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி மடித்து வைத்திருப்பான். அந்தப் பக்கத்தில் அப்போது நரம்புச் சிலந்தி உண்டு. காலில் கொப்புளம் வெடித்து முழ நீளத்துக்கு வெள்ளைப் புழு வெளியே வரும் வியாதி. குளத்துத் தண்ணீரை அப்படியே குடிப்பதால் வருவது. அதனால் கண்ணுசாமி எந்த ஊருக்குப் போனாலும் கையில் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டா மடிச்சு வடிகட்டிக் குடிங்க" என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பான். அது அவன் வேலை இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. டீக்கடையில் வாங்கிக் குடிக்கிற தண்ணீரைக் கூட வடிகட்டுவான். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பிரச்சினை நெருஞ்சிப்பட்டி ஊருணியில் தொடங்கியது. அந்த ஊர்க்காரர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். செருப்போடு கரையேறக் கூடாது, கால் நனைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. பத்து வாரமாக அந்த ஊருணிக்குக் கண்ணுசாமி ஒரே மாதிரி எழுதிக்கொண்டு வந்தான். புழு: பதினான்கு, பதின்மூன்று, பதினாறு. கூட்டுப்புழு: இல்லை, இல்லை, இல்லை.

பெரியண்ணன் ஒரு நாள் தாளை மேஜையில் போட்டார்.

"என்னய்யா இது? பத்து வாரமா வயிறு இருக்கு, பிள்ளை மட்டும் பொறக்கலையா?"

"புழு வளருதுங்க சார். கூட்டுப்புழு ஆகுறதுக்கு முந்தியே செத்துப் போயிருது. இரும்புத் துரு மாதிரி நிறம் மாறிச் சாகுது. அதுக்கு ஒரு பூசணம் பிடிச்சிருக்கு சார். மதராஸ்ல ட்ரெயினிங் குடுத்தப்ப ஒரு கண்ணாடிச் சில்லுல வச்சுக் காட்டுனாங்க. அதே மாதிரி இருக்கு."

பெரியண்ணன் சிரித்தார். அவரை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் இருந்த ஆள் வீட்டில் உட்கார்ந்தபடியே நாற்பது குளத்துக்கும் கணக்கு எழுதிக் கொடுத்தவன். சூடு கண்ட பூனையாக இருந்தார் பெரியண்ணன். மறுநாள் மெமோ தயாரானது. 'குறிப்பிட்ட நீர்நிலைக்கு நேரில் செல்லாமல் பொய்யான எண்ணிக்கை எழுதியதாகத் தெரிகிறது. ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது?' நான்தான் அடித்தேன். மூன்று நகல்.

அதை வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணுசாமி என் மேஜைக்கு வந்தான். முகம் கறுத்துப் போயிருந்தது.

"வேலை போனாப் போகுதுங்க. பொய் எழுதுனேன்னு எழுதி அனுப்பாதீங்க. எங்கப்பா அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. ஊர்ல போய் நான் எப்படி நடப்பேன்?"

"என்னால என்னப்பா செய்ய முடியும்? நான் டைப் அடிக்கிறவன்" என்றேன். அவன் பூசணக் கதையை நானும் நம்பவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கண்ணுசாமி விடவில்லை. துரு நிறப் புழுக்களைக் கண்ணாடிக் குழாய்களில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, தன் கைக்காசில் மதராஸுக்குப் பார்சல் அனுப்பினான். அவனுக்குப் பாடம் எடுத்த பூச்சி டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. குழாய்கள் வழியிலேயே உடைந்துவிட்டன, ஸ்பிரிட் வாடை மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது என்று எழுதியிருந்தார். ஆனால் விஷயம் உண்மையானால் முக்கியமானது. மருந்தே இல்லாமல் கொசுவை ஒழிக்க ஒரு வழி அதில் இருக்கலாம். உயிரோடு இருக்கிற புழுவைப் பார்க்க மைக்ராஸ்கோப்போடு தானே நேரில் வருவதாகவும் எழுதியிருந்தார். சித்திரை ஐந்தாம் தேதி.

பெரியண்ணன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "சரி, அவர் வந்து பாத்துச் சொல்லட்டும். உண்மைன்னா மெமோவைக் கிழிச்சுப் போடுறேன். இல்லைன்னா அன்னைக்கே கெளம்ப வேண்டியதுதான்" என்றார். நியாயமான பேச்சுதான்.

கண்ணுசாமி அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு நெருஞ்சிப்பட்டிக்குப் பறந்தான். ஊர் அம்பலகாரர் சோலையப்பன், ஆடு வளர்க்கிற பொன்னுத்தாய், இன்னும் நாலைந்து பேரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். "மதராஸ்லேருந்து பெரிய டாக்டர் நம்ம ஊருணியைப் பாக்க வாராரு. இந்தத் தண்ணியில ஒரு பூசணம் இருக்கு. அது பிடிச்ச கொசுப்புழு துருப்பிடிச்ச மாதிரி ஆகிச் சாகுது. அதைப் பாக்கத்தான் அவ்வளவு தூரத்திலேருந்து வாராரு. என் வேலையே இதுலதான் இருக்கு." அடுத்த நாளே பெரியண்ணன் அவனைக் கட்டுமாவடிப் பக்கம் பத்து நாள் வேலைக்கு அனுப்பிவிட்டார். கடற்கரையில் காய்ச்சல் அதிகம் என்று தந்தி வந்திருந்தது.

அந்த ஊரில் கண்ணுசாமி மேல் எல்லோருக்கும் பிரியம். முந்தின வருஷம் பொன்னுத்தாயின் மகள் செவந்தி தஞ்சாவூர்ப் பக்கம் கதிர் அறுக்கப் போய்க் குளிர்காய்ச்சலோடு திரும்பி வந்தபோது, மூன்று நாள் தொடர்ந்து சைக்கிளில் போய் மாத்திரை கொடுத்துப் பிழைக்க வைத்தவன் அவன். அப்படிப்பட்ட பிள்ளையின் வேலை தங்கள் ஊருணியில் இருக்கிறது என்றால் ஊர் சும்மா இருக்குமா?

சித்திரை ஐந்து. ஜீப்பில் டாக்டர், பெரியண்ணன், கண்ணுசாமி, நான். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொள்ளச் சொல்லிக் கூட்டிப் போனார்கள். கண்ணுசாமி முந்தின இரவுதான் கட்டுமாவடியிலிருந்து வந்திருந்தான். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான். புழு எப்படித் தண்ணீர் மட்டத்தில் படுத்துக் கிடக்கும், எந்த ஓரத்தில் அதிகம், பூசணம் பிடித்த புழுவின் உடம்புக்குள் கேழ்வரகு திணித்த மூட்டை மாதிரி எப்படி மணி மணியாகத் தெரியும் என்று. டாக்டர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஊர் எல்லையிலேயே மாவிலைத் தோரணம். கொட்டுக்காரர்கள் இருவர். ஊருணிக் கரை முழுக்கச் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். படிக்கட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அம்பலகாரர் சோலையப்பன் மாலையோடு நின்றார். டாக்டர் கழுத்தில் ஒன்று, கண்ணுசாமி கழுத்தில் ஒன்று.

"வாங்கய்யா, வாங்க. எங்க ஊருணியில பூசணம் இருக்குன்னு தம்பி சொல்லுச்சு. எங்களுக்குப் பெரிய வெக்கமாப் போச்சு. ஒரு பெரிய மனுசர் வந்து பாக்குறப்ப குடிக்கிற தண்ணியில பூசணம் இருந்தா ஊருக்கு மானக்கேடு இல்லையா? மொத்தத் தண்ணியையும் எறைச்சு, தூர் வாரி, களிமண் தெரியுற வரைக்கும் சுரண்டி எடுத்துட்டோம். சுண்ணாம்பு போட்டு, தண்ணி தெளியத் தேத்தாங்கொட்டை தேச்சு ஊத்தி, கிணத்துத் தண்ணி நூறு கொடம் கொண்டாந்து விட்டிருக்கோம். பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு பூச்சி புழு இருந்தா என்னைக் கேளுங்க."

பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஊருணி காய்ந்த எட்டு நாளும் அவர்கள் குடிதண்ணீருக்கு ஒரு மைல் நடந்திருக்கிறார்கள். பொன்னுத்தாய் முன்னால் வந்து, "தம்பி, சந்தோசந்தானே?" என்று கேட்டாள்.

கழுவாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போகக் கண்ணுசாமிக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? அவன் மாலையோடு அப்படியே நின்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை. "ரொம்பச் சுத்தமா இருக்குங்க அக்கா" என்றான்.

டாக்டர் எனாமல் கரண்டியை வாங்கிப் பத்துத் தடவை முகந்தார். சுத்தமான தண்ணீர். என் நோட்டில் பூஜ்யம் என்று பத்துத் தடவை எழுதினேன்.

டாக்டர் நல்ல மனிதர். போகும்போது ஒரு வழி சொன்னார். பூசணத்தின் விதை சேற்றில் இருக்கும். வாரிப்போட்ட தூர்மண்ணை எடுத்து, பானையில் தண்ணீர் விட்டு, வேறு இடத்துப் புழுக்களை அதில் விட்டுப் பார். மூன்று வாரத்தில் துரு நிறம் வந்தால் எனக்குக் கடிதம் போடு என்றார். பெரியண்ணனும் மூன்று வாரம் கொடுத்தார்.

கண்ணுசாமி ஆபீஸ் கொல்லையில் ஆறு புதுப் பானைகளை வரிசையாக வைத்தான். அவன் வேலை செய்த ஒழுங்கை நான் பார்த்தேன். கோயில் மடைப்பள்ளியில்கூட அவ்வளவு சுத்தம் இருக்காது. தூர்மண்ணை வெயிலில் காயப்போட்டு, கல் பொறுக்கி, சலித்தான். கிணற்றுத் தண்ணீரைத் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி ஊற்றினான். வேறு குட்டைகளிலிருந்து கொண்டு வந்த புழுக்களையும் வடிகட்டிய தண்ணீரில் அலசித்தான் உள்ளே விட்டான். வேறு எதுவும் கலந்துவிடக் கூடாது, டாக்டர் குறை சொல்லக் கூடாது என்று. காலையும் மாலையும் லென்ஸை வைத்துக்கொண்டு பானைக்குள் தலையை விட்டபடி இருந்தான்.

ஒரு புழுகூடத் துரு நிறம் ஆகவில்லை. அத்தனையும் கூட்டுப்புழு ஆகி, அத்தனையும் கொசுவாகி எழும்பின. அவற்றில் சில என்னையே கடித்தன.

இருபத்திரண்டாம் நாள் வேலைநீக்க உத்தரவை டைப் அடித்தேன். காரணம்: பொய்யான எண்ணிக்கை எழுதியது. சுத்தம் சோறு போடும் என்பார்கள். ஊர் ஒரு பக்கம் சுத்தம் பார்த்து, இவன் ஒரு பக்கம் சுத்தம் பார்த்து, இருந்த சோறும் போனது.

போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டான். "நெருஞ்சிப்பட்டியிலேருந்து யாராவது வந்து கேட்டா, எனக்குக் கட்டுமாவடிக்கு மாத்தல்னு சொல்லிருங்க. அவங்க கழுவுனதாலதான் வேலை போச்சுன்னு தெரிஞ்சா அந்தச் சனம் தாங்காது." சொல்கிறேன் என்றேன். கட்டுமாவடியில் மீன் ஏலம் எடுக்கிற ஒருவரிடம் கூடை எண்ணுகிற வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது.

கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு நாள், பொன்னுத்தாய் ஆபீஸுக்கு வந்தாள். எட்டு மைல் நடந்து வந்திருந்தாள். கையில் ஒரு தூக்குவாளி.

"கண்ணுசாமித் தம்பி இல்லைங்களா?"

"கட்டுமாவடிக்கு மாத்தல் ஆகிப் போயிட்டாரும்மா."

"தெரியும்ங்க, எங்க ஊர்க்காரங்ககிட்ட நீங்க சொன்னீங்களாம். எப்பயாச்சும் இங்கிட்டு வருவாருன்னு நெனச்சேன். இதைப் பாருங்க, அவர் சொன்ன துருப்பிடிச்ச புழு."

மூடியைத் திறந்தாள். தண்ணீரில் பத்துப் பதினைந்து புழுக்கள். பாதி செத்து மிதந்தன. மற்றவை மெல்ல நெளிந்தன. எல்லாம் பழைய ஆணியின் நிறம். கண்ணுசாமி விட்டுப்போன லென்ஸ் என் டிராயரில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். புழுவின் உடம்புக்குள் மணி மணியாகத் திணித்திருந்தது. கேழ்வரகு மூட்டைதான்.

அவன் எழுதிய ஒவ்வொரு எண்ணும் உண்மை. நான் அடித்த ஒவ்வொரு எழுத்தும் பொய்.

விஷயம் இதுதான். ஊருணியைத் தூர் வாரியபோது பொன்னுத்தாய் இரண்டு கூடை மண் எடுத்துப் போய், ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற கல்தொட்டியின் விரிசலில் பூசி, மிச்சத்தை அதன் அடியிலேயே கொட்டியிருக்கிறாள். ஐப்பசி மழையில் தொட்டி நிறைந்தது. கொசு வந்து முட்டையிட்டது. பிறகு புழுக்கள் துருப்பிடிக்க ஆரம்பித்தன.

அன்றே மதராஸுக்கு நான் கடிதம் எழுதினேன். யாரும் சொல்லாமல், யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்காமல் என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே கடிதம் அது. கண்ணுசாமிக்கு ஒரு கார்டு போட்டேன். தை மாதம் வருகிறேன், அதுவரை தொட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் பதில் போட்டார். பெரியண்ணனிடம் அதைக் காட்டினேன். நெடுநேரம் படித்துவிட்டு, "வரட்டும், திருத்தி எழுதிருவோம்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்ணுசாமியும் நானும் நெருஞ்சிப்பட்டிக்குப் போனோம். அவன் இளைத்திருந்தான். மேலெல்லாம் மீன் வாடை.

"கட்டுமாவடியில இருக்கிறது கொசு ஆபீசா, மீன் ஆபீசா தம்பி?" என்று பொன்னுத்தாய் கேலி செய்தாள். அவன் சிரித்துவிட்டு நேரே தொட்டிக்குப் போய் மண்டியிட்டான். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அக்கா, இந்தத் தண்ணியை வடிகட்டி ஊத்துனீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க. ஆடு குடிக்கிற தண்ணியை எவளாச்சும் வடிகட்டுவாளா? மழைத் தண்ணி, ஊருணித் தண்ணி, வந்தது போனதெல்லாம் அதுலதான் கெடக்கு."

கண்ணுசாமி என்னைப் பார்த்தான். "நான் ரெண்டா மடிச்சு வடிகட்டுனேனுங்க" என்றான். அந்தத் துணியில் என்ன தங்கிப்போனது என்று அன்றைக்கு அவனுக்கும் தெரியாது, அந்த டாக்டருக்கும் தெரியாது. ஏறக்குறைய பதினைந்து வருஷம் கழித்துத்தான், இந்தப் பூசணம் தன் வாழ்நாளில் பாதியைக் கடுகிலும் சிறிய ஒரு தண்ணீர்ப் பூச்சியின் உடம்பில் கழிக்கிறது, அந்தப் பூச்சி இல்லாமல் கொசுப்புழுவுக்குப் பரவாது என்று வெளிநாட்டில் கண்டுபிடித்தார்கள். நரம்புச் சிலந்தியைக் கொண்டு வருவதும் அதே இனத்துப் பூச்சிதான். எதைத் தடுக்க ஊர் ஊராகத் துணியோடு அலைந்தானோ, அது இல்லாமல்தான் அவன் பானைகள் பொய்த்துப் போயின.

பொன்னுத்தாய் எங்களுக்கு மோர் கொண்டுவந்தாள். முகம் நிறையச் சந்தோஷம்.

"அந்த மதராஸ் டாக்டர் தையில வாராருன்னு கிளார்க்கய்யா சொன்னாரு. நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க தம்பி. முந்தின நாளே தொட்டியைச் சாம்பல் போட்டுத் தேச்சுப் பளிச்சுன்னு கழுவி வச்சிருதேன்."

"ஐயோ, வேண்டாங்க அக்கா!" கண்ணுசாமி அலறியே விட்டான். மோர் கொட்டியது. "கழுவிறாதீங்க. கையே வைக்காதீங்க. கழுவுனாப் பூசணம் போயிரும். அப்புறம் அவருக்குக் காட்ட ஒண்ணும் இருக்காது."

அவள் செம்போடு நின்றாள். முகத்திலிருந்து சிரிப்பு மெல்லப் போனது. தொட்டியைப் பார்த்தாள். ஊருணி இருக்கிற திசையைப் பார்த்தாள். பிறகு அவனுடைய மீன் வாடைச் சட்டையைப் பார்த்தாள்.

"அப்ப அன்னைக்கி நாங்க ஊருணியைக் கழுவுனமே தம்பி. அதுனாலயா ஒங்களுக்கு…"

"அதெல்லாம் இல்லைங்க அக்கா" என்றான் கண்ணுசாமி, அவள் முடிக்கும் முன்பே. "எனக்கு மாத்தல்தான். அன்னைக்கி அந்த டாக்டர் ஊருணியைப் பாத்துட்டு எவ்வளவு சந்தோசப்பட்டாரு தெரியுமா? இப்படி ஒரு ஊரைத் தான் பாத்ததே இல்லைன்னாரு. இல்லைங்களா?"

கடைசிக் கேள்வி என்னிடம். "ஆமாம்மா, அப்படித்தான் சொன்னாரு" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள். கண்ணுசாமியைப் பொய்யன் என்று நான் டைப் அடித்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அதுதான்.